தொகை இல்லாத கியூஆர், தேதி இல்லாத லிங்க்: சந்தேகங்களும் விளக்கங்களும்

முட்டை விலை பார்ப்பது, மேட்டூர் அணையின் நீர்மட்டம் பார்ப்பது, பட்டா நகல் எடுப்பது என்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அன்றாட வேலைகள் பலவும் செல்போனுக்கு வந்துவிட்டன. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிங்க்கைத் தட்டினால் போதும். ஆனால் அதே லிங்க் சில நேரம் வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டுகிறது, சில நேரம் வேறு ஊரின் விவரத்தைக் காட்டுகிறது, சில நேரம் புரியாத எழுத்துகளில் எரர் காட்டுகிறது. தட்டியவர் தன் போனைக் குறை சொல்கிறார், அல்லது தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் குற்றம் அவருடையது அல்ல. லிங்கின் கடைசிப் பகுதியில் இருக்க வேண்டிய ஒரு விவரம் விடுபட்டிருக்கும், அல்லது பெயர் மட்டும் இருந்து மதிப்பு காலியாக இருக்கும். அதை எப்படிக் கையாள்வது என்று பக்கத்தை எழுதியவர் யோசிக்காமல் விட்டிருப்பார்.

இதுபற்றிப் பொதுமக்களுக்கும், இ-சேவை மையம் நடத்துபவர்களுக்கும், இணையதளம் கட்டப் பழகும் மாணவர்களுக்கும் எழும் சந்தேகங்கள் இங்கே. உதாரண முகவரிகள் விளக்கத்துக்காக எழுதப்பட்டவை.

லிங்கில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவது என்ன?

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது எந்தப் பக்கம் வேண்டும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது அந்தப் பக்கத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இதைத்தான் பாராமீட்டர் என்கிறார்கள். ஒரு முட்டை விலைப் பக்கத்தின் முகவரி ?மண்டலம்=நாமக்கல்&தேதி=5 என்று முடிந்தால், 'மண்டலம்', 'தேதி' இரண்டும் பாராமீட்டரின் பெயர்கள்; 'நாமக்கல்', '5' இரண்டும் அவற்றின் மதிப்புகள். சமக்குறி பெயரையும் மதிப்பையும் பிரிக்கிறது. & குறி ஒரு ஜோடியை அடுத்த ஜோடியிலிருந்து பிரிக்கிறது.

இதை நீங்கள் தினமும் பயன்படுத்துகிறீர்கள். டீக்கடையிலும் காய்கறிக் கடையிலும் ஒட்டியிருக்கும் யூபிஐ கியூஆர் படத்துக்குள் இருப்பதும் இப்படிப்பட்ட ஒரு முகவரிதான். அதில் கேள்விக்குறிக்குப் பிறகு 'பிஏ' என்ற பெயரில் கடைக்காரரின் யூபிஐ முகவரி, 'பிஎன்' என்ற பெயரில் அவர் பெயர், 'சியூ' என்ற பெயரில் நாணயம், தேவைப்பட்டால் 'ஏஎம்' என்ற பெயரில் தொகை ஆகியவை வருகின்றன. 2016-ல் யூபிஐ தொடங்கப்பட்டபோது தேசிய பணப்பட்டுவாடா கழகம் வகுத்த முறை இது.

டீக்கடை கியூஆரை ஸ்கேன் செய்தால் தொகையை நாம் போட வேண்டியிருக்கிறது. பெரிய கடையில் பில்லுடன் வரும் கியூஆரில் தொகை தானாக வந்துவிடுகிறது. ஏன்?

டீக்கடைக்காரர் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரில் 'ஏஎம்' என்ற பாராமீட்டரே கிடையாது. ஒருவர் 12 ரூபாய்க்குக் குடிப்பார், இன்னொருவர் நான்கு பேருக்கும் சேர்த்துக் கொடுப்பார். தொகையை அச்சடித்து ஒட்ட முடியாது. அது இல்லை என்பதைப் பார்த்ததும் ஆப் உங்களிடம் தொகையைக் கேட்கிறது. பில்லுக்குப் பில் புதிதாக வரும் கியூஆரில் அந்தப் பாராமீட்டர் இருக்கிறது; அதனால் கேட்பதில்லை.

இந்த ஒரு கியூஆரில் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற விவரம் இல்லாவிட்டால் வேலை நின்றே ஆக வேண்டும். வேறு யாருடைய கணக்கையும் ஊகித்துப் போட முடியாது. தொகை இல்லாவிட்டால் பயனாளரைக் கேட்க வேண்டும். நாணயம் இல்லாவிட்டால் இந்திய ரூபாய் என்று எடுத்துக்கொள்வதில் ஆபத்தில்லை, ஏனென்றால் வேறு விடை இல்லை. நிற்பதா, கேட்பதா, ஊகிப்பதா என்ற முடிவை ஒவ்வொரு பாராமீட்டருக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே விதியைப் போடும் புரோகிராமர்தான் பிறகு எல்லோரையும் அலையவிடுகிறார்.

விடுபட்டதும் காலியாக இருப்பதும் ஒன்றுதானே? இரண்டிலும் விவரம் இல்லையே.

ஒன்றல்ல. ?மண்டலம்=நாமக்கல் என்று மட்டும் வந்தால் தேதியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ?மண்டலம்=நாமக்கல்&தேதி= என்று வந்தால் தேதிக் கட்டம் அவர் கண் முன்னால் இருந்தது, அதை நிரப்பாமல் அனுப்பியிருக்கிறார். முதலாமவர் ஒரு லிங்க்கைத் தட்டி வந்தவராக இருக்கலாம். இரண்டாமவர் ஃபார்மைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுக்க மறந்து பட்டனை அழுத்தியவர். முதலாமவருக்குக் கடைசியாக அறிவிக்கப்பட்ட விலையைக் காட்டினால் மகிழ்ச்சி. இரண்டாமவருக்கு அதையே காட்டினால், தான் கேட்க நினைத்த தேதியின் விலை என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலையில் பைசா கணக்கில்தான் மாற்றம் வரும். ஆனால் ஒரு பண்ணையிலிருந்து போகும் முட்டை லட்சக்கணக்கில் இருந்தால் அந்தப் பைசாவே பெரிய தொகை. எந்தத் தேதியின் விலை என்று பக்கத்தில் பெரிய எழுத்தில் இல்லாவிட்டால் அது விலைப் பக்கமே அல்ல.

இணைய முகவரி எப்படி அமைய வேண்டும் என்று 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 என்ற பொது ஆவணமும் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காக்கிறது. ஒரு பகுதியின் பிரிப்புக்குறியே வராவிட்டால் அந்தப் பகுதி வரையறுக்கப்படவில்லை. குறி வந்து அதன் பின் எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பகுதி காலி. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் கலந்துவிடக் கூடாது என்பதே அதன் நிலை.

நம் வருவாய்த் துறைப் பழக்கம் இதற்கெல்லாம் மூத்தது. உட்பிரிவு ஆகாத புல எண்ணுக்கு உட்பிரிவுக் கட்டத்தை வெறுமனே விடாமல் ஒரு சிறு கோடு போடுவார்கள். பார்த்தேன், இங்கே உட்பிரிவு இல்லை என்பதற்கு அந்தக் கோடு சாட்சி. கட்டம் வெறுமையாக இருந்தால் எழுத மறந்ததா, உண்மையிலேயே இல்லையா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

அப்படியானால் 0 என்பதும் காலிதானா?

இல்லை. இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. மேட்டூர் கிழக்கு, மேற்குக் கால்வாய்களை எடுத்துக்கொள்வோம். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் இவற்றை நம்பியிருக்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள் தண்ணீர் விடுவார்கள். மார்ச் மாதம் கால்வாயில் வெளியேற்றம் 0 கனஅடி என்று பக்கம் சொன்னால் அது ஒரு முழுமையான, சரியான தகவல். செப்டம்பரில் ஒரு நாள் அளவு வந்து சேரவில்லை, ?வெளியேற்றம்= என்று காலியாகப் பதிவானது என்று வைத்துக்கொள்வோம். புரோகிராம் அந்தக் காலியை 0 ஆக்கிவிட்டால், மதகை மூடிவிட்டார்கள் என்று கடைமடை விவசாயி முடிவுக்கு வருவார். 'தகவல் வரவில்லை' என்று எழுதுவதற்கு ஒரு வரிதான் ஆகும்.

நான் கல்லூரியில் பிஎச்பி படிக்கிறேன். 'எம்ப்டி' என்று சோதித்தால் போதாதா?

போதாது. பிஎச்பியின் எம்ப்டி, விடுபட்டதையும் காலியையும் ஒன்றாகப் பார்ப்பதோடு நிற்பதில்லை. '0' என்ற மதிப்பையும் காலி என்றே சொல்லும். மேலே சொன்ன மார்ச் மாதக் கணக்கு அதில் சிக்கிக்கொள்ளும். 'இஸ்செட்' என்று சோதித்தால் பெயர் வந்ததா என்பது மட்டும் தெரியும். காலி மதிப்பு வந்தாலும் வந்தது என்றே சொல்லும். 2015 இறுதியில் பிஎச்பி 7-உடன் வந்த இரட்டைக் கேள்விக்குறியும் அப்படித்தான்: விடுபட்டால் மாற்று மதிப்பைத் தரும், காலியைத் தொடாமல் விட்டுவிடும். ஆகவே முதலில் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டுங்கள். அதன் பிறகு வெற்று எழுத்துத்தொடரோடு நேராக ஒப்பிடுங்கள். மூன்று வரி கூடுதலாகும், அவ்வளவுதான்.

மற்ற மொழிகளிலும் பொறிகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். ஜாவாஸ்கிரிப்டில் பாராமீட்டர்களைப் படிக்கும் 'கெட்', விடுபட்டதற்கு 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறியைத் தரும், காலிக்கு வெற்றுத்தொடர் தரும், அதுவரை சரி. ஆனால் இரண்டையும் 'நம்பர்' என்பதற்குள் போட்டு எண்ணாக மாற்றினால் இரண்டும் 0 ஆகிவிடும். எரர் வராது, எச்சரிக்கை வராது. தொகைக் கட்டத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பைத்தானில் காலித் தொடரை எண்ணாக்க முயன்றால் புரோகிராம் எரர் காட்டி நின்றுவிடும். இந்த விஷயத்தில் அதுவே நல்லது. ஆனால் அதே பைத்தானின் 'பார்ஸ்_கியூஎஸ்', நீங்கள் தனியாகச் சொல்லாவிட்டால், காலி மதிப்புள்ள பாராமீட்டர்களைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். கோ மொழியின் 'கெட்' இரண்டுக்கும் வெற்றுத்தொடரையே தரும். வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் 2021-ல் சேர்த்த 'ஹேஸ்' வேண்டும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாரவெல், 5.4 பதிப்பிலிருந்து, வரும் காலித் தொடர்களைத் தானே 'நல்' ஆக்கிவிடுகிறது. அதில் வேலை செய்பவர் காலியை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

தரவுத்தளம் வரை போனாலும் இந்தக் கதை தொடரும். மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸ்ஸும் காலியையும் 'நல்'லையும் பிரித்து வைக்கின்றன. ஆரக்கிள் காலித் தொடரையும் 'நல்' என்றே வைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒருவர் 2016-ல் தன் காருக்கு 'நல்' என்ற சொல்லையே நம்பர் பிளேட்டாக வாங்கினார். வண்டி எண் பதிவாகாத அபராதச் சீட்டுகள் அவர் பெயருக்கு வந்து குவிந்தன. மொத்தம் 12,000 டாலருக்கும் மேல்.

விடுபட்ட இடத்தில் நாமே ஒரு மதிப்பைப் போட்டுவிட்டால் என்ன? பயனாளருக்கும் எளிதாயிற்றே.

சில இடங்களில் போடலாம். பட்டியலில் எத்தனையாவது பக்கம் என்று சொல்லாவிட்டால் முதல் பக்கம். எந்த வரிசை என்று சொல்லாவிட்டால் புதியது முதலில். தவறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஊர், மாவட்டம், நிலம், பணம், தேதி ஆகியவற்றில் போடக் கூடாது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கினாலும் தமிழ் அகரவரிசையில் அடுக்கினாலும் முதலில் நிற்பது அரியலூர். 'மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்ற வெற்று வரி இல்லாத டிராப்டவுனில், தேர்ந்தெடுக்காமல் அனுப்பியவர்கள் எல்லோரும் அரியலூர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். அந்தப் பட்டியலை வைத்து நிதி ஒதுக்கினால் எங்கே போகும்?

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பழைய ஆவணங்களில் மாவட்டம் சேலம் என்றே இருக்கும். மாவட்டம் விடுபட்ட பழைய பதிவுக்கு, பார்த்தால் சேலம் போலத்தான் இருக்கிறது என்று ஒரு புரோகிராம் முடிவெடுத்தால், அந்தக் கிராமம் எந்த மாவட்டத்தின் பட்டியலிலும் சரியாக வராது. இத்தகைய இடங்களில் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தேடினேன். எல்லோருடைய விவரமும் வந்துவிட்டது. இது சரியா?

சரியல்ல; இந்த வரிசையில் மிகவும் ஆபத்தானது இதுதான். இதைப் பற்றி எவ்வளவு உரக்கச் சொன்னாலும் தகும். பல தளங்களில் தேடல், 'இந்தத் தொடர் பெயரில் எங்காவது இருக்கிறதா' என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. வெற்றுத்தொடர் எல்லாப் பெயரிலும் இருக்கிறது. ஆகவே எல்லோரும் வருவார்கள். இன்னொரு வகையில், மதிப்பு காலியாக இருந்தால் அந்த நிபந்தனையையே விட்டுவிடுமாறு எழுதியிருப்பார்கள். கடைகளின் விலைப்பட்டியலில் அது வசதி. மாணவர் பட்டியலிலோ, நோயாளிப் பட்டியலிலோ, கூட்டுறவுச் சங்கக் கடன் பட்டியலிலோ அது ஊரார் வீட்டுக் கதவுகளை மொத்தமாகத் திறந்து வைப்பதற்குச் சமம். ஹேக்கர் யாரும் வர வேண்டியதில்லை. சமக்குறிக்குப் பிறகு இருப்பதை ஒரு சிறுவன் அழித்தால் போதும்.

இதே முறையில் அழிக்கும் கட்டளையை எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பதிவை அழிக்க வேண்டும் என்ற எண் காலியாக வந்து, நிபந்தனை விடுபட்டு, எல்லாப் பதிவுகளும் அழியும். தனிநபர் விவரமோ அழிப்போ சம்பந்தப்பட்ட இடத்தில் காலியாக வரும் கோரிக்கையை மறுத்தே தீர வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு தளத்தை ஒப்படைப்பவர் வேலையை முடித்தவர் ஆகமாட்டார். அப்படி ஒரு தளத்தைப் பார்த்தால், வந்த பட்டியலை யாருக்கும் அனுப்பாமல், அந்த அலுவலகத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

டிக் போட்டதை எடுத்துவிட்டுச் சேமித்தால் மாறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

டிக் போடாத பெட்டியின் பெயரைக்கூட பிரவுசர் அனுப்பாது. எச்டிஎம்எல் ஃபார்மின் விதி அது. எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தால் காலியாகப் போகும், டிக் பெட்டியோ முழுவதும் விடுபடும். 'விடுபட்டால் பழையதை வைத்துக்கொள்' என்று எழுதிய புரோகிராமில் டிக்கை எடுக்கவே முடியாது. பெட்டிக்கு முன்னால் அதே பெயரில், 0 மதிப்போடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தை வைப்பது பிஎச்பியில் வழக்கமான தீர்வு. ஒரே பெயர் இருமுறை வந்தால் பிஎச்பி கடைசியில் வந்ததை எடுத்துக்கொள்ளும். ஜாவா சர்வ்லெட் முதலில் வந்ததை எடுக்கும்; அங்கே இந்தத் தீர்வு வேலை செய்யாது.

ரத்த தானம் செய்பவர்களைத் தேடும் லிங்க்கில் ஓ பாசிட்டிவ் என்று தந்தால் ஒருவரும் வருவதில்லையே?

லிங்க்கை யாராவது கையால் எழுதியிருப்பார்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் கூட்டல் குறிக்கு இடைவெளி என்று பொருள். ?பிரிவு=ஓ+ என்று எழுதினால் சர்வருக்குக் கிடைப்பது 'ஓ' என்ற எழுத்தும் ஓர் இடைவெளியும். இடைவெளியை வெட்டினால் வெறும் 'ஓ' மிஞ்சும். அது பாசிட்டிவும் அல்ல, நெகட்டிவும் அல்ல. கழித்தல் குறிக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதால் நெகட்டிவ் பிரிவுகள் மட்டும் ஒழுங்காக வரும். அதனால் தவறு நெடுநாள் கண்ணில் படாமல் இருக்கும். கூட்டல் குறியை, சதவீதக் குறியும் 2-உம் ஆங்கில பி எழுத்தும் சேர்ந்த குறியீடாக மாற்றி அனுப்ப வேண்டும். எல்லா மொழியிலும் இதற்கு ஆயத்தக் கருவி இருக்கிறது. கையால் ஒட்டுப்போட வேண்டாம். அவசரத்தில் ரத்தம் தேடுபவரிடம் 'பாசிட்டிவா, நெகட்டிவா?' என்று பக்கம் திருப்பிக் கேட்க வேண்டும். 'யாரும் இல்லை' என்று சொல்லி அனுப்புவது கொடுமை.

தமிழ் எழுத்துகளும் இப்படி மாற்றப்பட்டே பயணிக்கின்றன. 'நாமக்கல்' என்ற சொல் யூனிகோடில் 8 குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து. மொத்தம் 72 எழுத்து. வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டும்போது இந்த நீளமான வாலில் ஒரு துண்டு அறுந்தால், வரும் மதிப்பு பாதியாக இருக்கும் அல்லது காலியாக இருக்கும். 'லிங்க் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் இதையும் பாருங்கள்.

எனக்கு சர்நேம் இல்லை. 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று ஃபார்ம் மறுக்கிறது. என்ன போடுவது?

தமிழர்களில் பெரும்பாலோர் அப்பா பெயரின் முதலெழுத்தையும் தங்கள் பெயரையும் மட்டுமே வைத்திருப்பவர்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது நமக்கு இயல்பு. அது விடுபட்ட தகவல் அல்ல, உண்மையான விடை. அமெரிக்க விசாவில், இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது திகைத்து நின்றவர்களில் நம்மவர்கள் பலர். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது.

பயண டிக்கெட் எடுப்பவர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி எப்படி நிரப்ப வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு நிரப்ப வேண்டும். புள்ளியோ கோடோ போட்டுத் தப்பித்தால் விமான நிலையத்தில் சிக்கல் வரும். ஃபார்ம் எழுதுபவர் செய்ய வேண்டியது வேறு: 'எனக்கு சர்நேம் இல்லை' என்று ஒரு பெட்டி வையுங்கள். அதில் டிக் போட்டவரின் காலியை விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். சேலத்தில் உட்கார்ந்து சேலம் மக்களுக்காக ஃபார்ம் எழுதுபவர்கூட வெளிநாட்டு மாதிரியை அப்படியே நகலெடுத்து, சர்நேமைக் கட்டாயமாக்குவது வருத்தம் தருகிறது.

மறுக்க வேண்டிய நேரத்தில் எப்படி மறுப்பது?

எது விடுபட்டது என்று தமிழில், அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே சொல்லுங்கள்: 'தேதியைத் தேர்ந்தெடுக்கவில்லை.' அவர் நிரப்பிய மற்ற கட்டங்களை அழித்துவிடாதீர்கள். இ-சேவை மையத்தில் வரிசை நிற்கும்போது புல எண்ணை மறுபடி அடிக்க வைப்பது அநியாயம். சர்வர் தரப்பில் 400 என்ற எண்ணோடு பதில் அனுப்புங்கள்; கோரிக்கை சரியான வடிவில் வரவில்லை என்று அதற்குப் பொருள். எரரைக் காட்டிவிட்டு 200, அதாவது எல்லாம் நலம் என்று அனுப்பினால், தேடுபொறிகள் அந்த எரர் பக்கத்தையும் நல்ல பக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கேட்ட தேதிக்கு விலையே அறிவிக்கப்படவில்லை என்றால் அது எரரே அல்ல. கோரிக்கை சரி, விடைதான் 'அறிவிப்பு இல்லை'.

ஒப்படைக்கும் முன் சோதிக்க மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். முகவரிப் பட்டையில் ஒவ்வொரு பாராமீட்டரையும் ஒருமுறை முழுவதும் நீக்கிப் பாருங்கள். பிறகு மதிப்பை மட்டும் அழியுங்கள், வெறும் இடைவெளி போடுங்கள், 0 போடுங்கள், ஒரே பெயரை இருமுறை எழுதுங்கள், கூட்டல் குறி சேருங்கள். ஒவ்வொரு முறையும் பக்கம் என்ன சொன்னது என்று தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளையும் தளத்தோடு சேர்த்து வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.